ஏட்டுச் சுவடியும் வழுநீக்கியும்

பழைய ஏடுகளிற் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவின. இம்மரபறியாதான் ஏட்டைத் திருத்தப் புகின், வழுவில்லாவிடத்தும் வழுக் காண்பான். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றார் மரபறிந்தே பாடந் துணிந்தனர். கணினி உலகிலும் இவ்வுண்மையை நாம் காண்கின்றோம்.

ஓடும் நிரலை இடையில் நிறுத்தி, அதன் நிலையை ஆராய்ந்து பிழையிடத்தைக் காண உதவும் மென்பொருள் வழுநீக்கி எனப்படும். 1986 இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் இயற்றிய ஜி.டி.பி. அவற்றுள் ஒன்று. 2010 இல் பேர்க்லியில் தோன்றிய ரிஸ்க்-ஃபைவ் என்னும் செயலிக் கட்டமைப்பினை, 2018 இல் வெளிவந்த 8.2 ஆம் பதிப்பில் அஃது ஏற்றுக்கொண்டது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் 'சக்தி' செயலியும் இக்கட்டமைப்பினதே.

அவ்வழுநீக்கி கற்கவேண்டியன யாவை? முதலாவது, பதிவகங்கள் 32; அவற்றுட் பூச்சிய எண்ணுடையது என்றும் பூச்சியத்தையே தரும். இரண்டாவது, அழைத்தவிடத்துக்கு மீளும் முகவரி 1 ஆம் பதிவகத்தில் வைக்கப்படும் மரபு. மூன்றாவது, நிறுத்தற் கட்டளை. கட்டளைகள் 4 பைற்று நீளத்தன. சுருங்கியவை 2 பைற்று. 2 பைற்றுக் கட்டளையின்மேல் 4 பைற்று நிறுத்தற் கட்டளையை எழுதின், அடுத்த கட்டளையுஞ் சிதையும். நிரல் வேறு வழியால் அங்கே தாவின், வழுக் காண வந்ததே வழுச் செய்ததாகும்.

மாணாக்கன் ஒருவன் எழுதிய செவ்விய சொல்லைப் பேச்சு வழுவெனச் சிவப்பு மையால் அடித்துப் பின்னர் நாணியதும் நமக்கு உண்டு. ஆதலின், பிறர் எழுத்தின் இலக்கணத்தை முதலிற் கற்போம். திருத்துங் கோலைப் பின்னர் எடுப்போம்.