பெண்பிள்ளைகளுக்கு வேலியாவோம்

பாடப்பகுதி: ரூத் 1, 2ஆம் அதிகாரங்கள்



ரூத்தின் கதையை ஆலயத்தில் பலமுறை கேட்டிருக்கிறோம். இம்முறை அதைக் கமக்காரராகவும் இடம்பெயர்ந்தவர்களாகவும் வாசிப்போம். பெத்லகேமில் பஞ்சம் வந்தது. நகோமியின் குடும்பம் ஊரையும் காணியையும் விட்டு மோவாபுக்குப் போயிற்று. அங்கே கணவனும் இரண்டு ஆண்பிள்ளைகளும் இறந்துபோனார்கள். ஊர் திரும்பியவர்கள் ஒரு விதவைத் தாயும் ஒரு விதவை மருமகளும் மட்டுமே. அது அறுவடைக் காலம். சாப்பாட்டுக்கு வழியில்லாத ரூத், பிறர் வயலில் சிந்திய கதிர் பொறுக்கப் போகிறாள்.

வயற்காரன் போவாஸ் நல்ல மனிதன் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகிறோம். அவன் என்ன செய்தான் என்று கவனிப்போம். தன் வேலைக்காரப் பெண்களோடு சேர்ந்து நிற்கும்படி ரூத்துக்குச் சொன்னான். தாகம் எடுத்தால் எங்கே தண்ணீர் குடிக்கலாம் என்று காட்டினான். அவளைத் தொடக்கூடாது என்று தன் ஆட்களுக்குக் கட்டளையிட்டான். வேறு வயலில் அவளுக்குத் தீங்கு நேரலாம் என்பது நகோமிக்கும் தெரிந்திருந்தது.

ரூத்தை வீட்டில் பூட்டி வைக்கும்படி ஒருவரும் சொல்லவில்லை. அவள் வேலைக்குப் போனாள். கட்டுப்பாடு அவளுக்கு மட்டும் அல்ல, வயலில் நின்ற ஆண்களுக்கும் போடப்பட்டது. இப்பாடத்தில் நாம் படிக்க வேண்டியது இதுவே: பெண்பிள்ளையைக் காப்பது பெரியவர்களின் கடமை. அக்கடமை நல்லெண்ணத்தோடு நின்றுவிடக்கூடாது. ஒழுங்கான ஏற்பாடாக வெளிப்பட வேண்டும்.

பண்ணைவிளையில் ஒரு இரவு

இப்படியான ஏற்பாடு ஒன்று நம் தமிழ் மண்ணில் எவ்வாறு தொடங்கியது என்று பார்ப்போம். அயர்லாந்தில் பிறந்த எமி கார்மைக்கேல் அம்மையார் 1895இல் இந்தியாவுக்கு வந்து, திருநெல்வேலிச் சீமையில் ஊழியம் செய்தார். அக்காலத்தில் சில கோயில்களில் சிறுமிகளைத் தேவதாசிகளாக நேர்ந்துவிடும் வழக்கம் இருந்தது. நடனத்தையும் இசையையும் வளர்த்த மரபு அது. ஆயினும் அதன் மறைவில் பல சிறுமிகள் பணம் படைத்தவர்களின் இச்சைக்குப் பலியானார்கள்.

பெருங்குளத்தில் அப்படி ஒப்படைக்கப்பட்ட பிரீனா என்ற ஏழு வயதுச் சிறுமி, ஒருமுறை தப்பித் தூத்துக்குடியில் இருந்த தாயிடம் ஓடினாள். அவளைத் தேடி ஆட்கள் வந்தார்கள். தெய்வக் குற்றத்துக்கு அஞ்சிய தாய் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். தண்டனையாகச் சிறுமியின் கைகளில் சூடு வைத்தார்கள். 1901 மார்ச் 6ஆந் திகதி மாலை அவள் மறுபடியும் தப்பிப் பண்ணைவிளைக்கு வந்தாள். அங்கே ஒரு கிறிஸ்தவப் பெண் அவளைக் கண்டு, இரவு தன் வீட்டில் வைத்திருந்து, மறுநாட் காலையில் எமி அம்மையாரிடம் கூட்டிச் சென்றாள்.

பின்பு டோனாவூரில் வளர்ந்த பெரிய இல்லத்தின் ஆரம்பம் இதுதான். 1904ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அங்கே 17 பிள்ளைகள் இருந்தார்கள். பொன்னம்மாள் என்ற இளம் விதவையைப் போன்ற தமிழ்ப் பெண்களே அவர்களை இரவுபகலாகப் பராமரித்தார்கள்.

இது ஒரு மதத்தாரைக் குறை கூறும் கதை அன்று. இவ்வழக்கத்துக்கு எதிராகச் சட்டசபையில் போராடியவர் புதுக்கோட்டையில் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி. சென்னை மாகாணத்தில் தடைச் சட்டம் வந்தது 1947இல். பிரீனா தப்பி வந்து 46 ஆண்டுகளுக்குப் பிறகே சட்டம் வந்தது. சட்டம் வரும்வரை பிள்ளையைக் காத்தது, அந்த இரவில் கதவைத் திறந்த ஒரு பெண்ணின் வீடு.

பஞ்சமும் முகாமும்

இடம்பெயர்வுக்கு இன்னும் நெருக்கமான பாடத்தைப் பண்டித ரமாபாய் அம்மையாரிடம் படிக்கலாம். தன் பெற்றோரையும் அக்காளையும் பஞ்ச காலத்தில் இழந்தவர் அவர். 1896-97இல் மத்திய இந்தியாவில் கடும் பஞ்சம் வந்தபோது, நிவாரண முகாம்களை நேரிற் போய்ப் பார்த்தார். பசித்த பெண்களை ஏமாற்றிக் கொண்டுபோகத் தரகர்கள் சுற்றித் திரிந்தார்கள். முகாமைக் காக்க வேண்டியவர்களிலும் சிலர் கெடுதல் செய்தார்கள். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

ரமாபாய் நூற்றுக்கணக்கான சிறுமிகளையும் இளம் விதவைகளையும் பூனாவுக்கு அண்மையில் உள்ள கேட்கானுக்குக் கொண்டுவந்தார். அங்கே வாங்கியிருந்த காணியில் கிணறு வெட்டி, பழமரம் நட்டு, பயிர் செய்தார்கள். பிள்ளைகள் எழுத்தும் கணக்கும் நெசவும் தோட்ட வேலையும் படித்தார்கள். சாப்பாடு கொடுத்ததோடு அவர் நிற்கவில்லை. மறுபடியும் ஒருவன் ஆசை காட்டினால் மறுத்து நிற்கும் பலத்தையும் கொடுத்தார்.

அக்கராயனில் நாம்

1996இல் கிளிநொச்சி நகரத்துச் சனங்கள் அக்கராயனில் மரநிழலிலும் கொட்டில்களிலும் தங்கியதை மூத்தவர்கள் மறக்கவில்லை. 2008இல் அக்கராயன் மக்களே குளத்தையும் வயலையும் விட்டு வெளியேறினார்கள். திரும்பி வந்தவர்களும் உண்டு. இன்னும் வேறிடங்களில் தங்கியிருப்பவர்களும் உண்டு.

அந்தக் கடைசி யுத்த காலத்தில், ஆயுதச் சேர்ப்புக்கு அஞ்சிப் பல பெற்றோர் பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளை அவசரமாகக் கட்டிக் கொடுத்தார்கள். அந்தப் பயத்தை நாம் அறிவோம். அவர்களை நியாயந்தீர்க்க வரவில்லை. ஆனால் பதிவு இல்லாத அத்திருமணங்களில் பல நிலைக்கவில்லை. கைக்குழந்தையோடு தனித்துப்போனவள் அந்தப் பிள்ளைதான். “குமரைக் கரைசேர்த்தால் நிம்மதி” என்று இன்றும் சொல்கிறோம். கரை என்று நினைத்தது நடுக்கடலாகவும் இருக்கலாம். பொதுச் சட்டப்படி 1995 முதல் திருமண வயது 18.

கெடுதல் செய்கிறவன் பெரும்பாலும் அந்நியனாக வருவதில்லை. உறவினனாக, அயலவனாக, உதவி செய்கிறவனாக வருகிறான். காலபோக அறுவடைக்கு முந்திய மாதங்களில் கையில் காசு வற்றி, கடன்காரர் படலைக்கு வரும்போது, “பிள்ளையை என்னோடு விடுங்கோ, படிப்பிக்கிறன்” என்ற சொல் இனிப்பாக இருக்கும். அந்த நேரத்துக்காக முன்கூட்டியே சில ஏற்பாடுகளைச் செய்துவைப்போம்.

1. வேலைக்கோ படிப்புக்கோ பிள்ளையைக் கேட்டு வருபவரின் அடையாள அட்டை, விலாசம் இரண்டையும் எழுதி எடுங்கள். கிராம அலுவலரிடம் விசாரியுங்கள். தாயோ தகப்பனோ நேரிற் போய் இடத்தைப் பார்க்காமல் அனுப்ப வேண்டாம். 16 வயதுக்கு உட்பட்டவரை வேலைக்கு வைப்பது 2021 முதல் சட்டத்துக்கு மாறானது. 16 வயதுவரை பள்ளிக்கூடம் கட்டாயம்.

2. சபையோ சிறுவர் இல்லமோ கேட்டாலும் இதே விசாரணை வேண்டும். அந்த இல்லம் மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் பதிவு செய்யப்பட்டதா என்று கேளுங்கள். கேள்வியைக் கண்டு கோபிக்கிற இடத்தில் பிள்ளையை விட வேண்டாம். வறுமை மட்டுமே காரணம் என்றால், பிள்ளையைப் பிரிக்காமல் குடும்பத்தைத் தாங்குவதே சபையின் முதல் வேலை.

3. விறகுக்கும் தண்ணீருக்கும் மாலை வகுப்புக்கும் பிள்ளைகள் கூட்டாகப் போய்வர ஒழுங்கு செய்வோம். அருவி வெட்டு நாளில் பெரியவர்கள் எல்லாரும் வயலுக்குப் போகையில், வீட்டில் நிற்கும் பிள்ளைகளை முறைவைத்து ஒரு தாய் பார்த்துக்கொள்ளட்டும்.

4. உடம்பைத் தொடவோ இரகசியம் காக்கவோ யார் வற்புறுத்தினாலும், அது மாமாவோ ஆசிரியரோ போதகரோ ஆனாலும், மறுத்து எம்மிடம் சொல்லலாம் என்று பிள்ளைக்குப் பழக்குவோம். ஆண்பிள்ளைகளையும் இருத்தி, போவாஸ் தன் ஆட்களுக்குச் சொன்னதைச் சொல்லிக் கொடுப்போம்.

5. பிள்ளை ஒன்றைச் சொன்னால் முதலில் நம்புவோம். “நீ ஏன் அங்கே போனாய்?” என்று கேட்க வேண்டாம். குற்றம் செய்தவனுக்கே கட்டி வைத்தோ, பணம் வாங்கியோ சமரசம் பேசுவது பிள்ளையை இரண்டாம் முறை விற்பதாகும். குளிக்க வார்க்காமல், உடுப்பைத் தோய்க்காமல், அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். நாட்கள் கடந்திருந்தாலும் போகத் தயங்க வேண்டாம். பொலிசின் சிறுவர், பெண்கள் பிரிவில் முறையிடலாம். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம். 16 வயதுக்கு உட்பட்ட சிறுமி சம்மதித்தாள் என்று சொல்லிக் குற்றவாளி தப்ப முடியாது.

6. நம் பாட்டிமார் அடுப்பேற்றும்போது ஒரு பிடி அரிசியைச் சபைக்கென்று எடுத்துவைத்தார்கள். அந்தப் பிடியரிசியை மறுபடி தொடங்குவோம். தரகனின் சொல் இனிக்கும் மாதத்தில், ஒரு தாய் பிள்ளையை அனுப்பாமல் தன்னோடு வைத்திருக்க அது உதவும்.

கூடிப் பேசுவதற்கு

• எமது கிராமத்தில் பெண்பிள்ளைகள் போக அஞ்சும் பாதை, கிணற்றடி, ஒழுங்கை எது? பிள்ளைகளிடமே கேட்போம்.

• நள்ளிரவில் ஒரு பிள்ளை தப்பி ஓடி வந்தால் யாருடைய படலையைத் தட்டலாம்? இரண்டு வீடுகளைத் தெரிந்து, பிள்ளைகளுக்கு அறிவிப்போம்.

• எமது கமக்கார அமைப்பும் மாதர் சங்கமும் இந்தப் போகத்திலேயே செய்யக்கூடிய ஒரு காரியம் எது?

பண்ணைவிளையில் பிரீனாவைக் கண்ட பெண்ணை மறவாதிருப்போம். இருட்டில் வந்த பிள்ளையை அன்றிரவு வீட்டுக்குள் எடுத்தாள். விடிந்ததும் நம்பத்தக்க கையில் சேர்த்தாள். அவ்வளவையும் செய்ய எங்கள் ஒவ்வொருவராலும் முடியும். ரூத்துக்கு ஒரு வயலைக் காட்டின கர்த்தர், எமது வயல்களையும் வளவுகளையும் பிள்ளைகள் பயமின்றி நடமாடும் இடங்களாக்க எமக்கு உதவி செய்வாராக.