எழுத்தாக வந்த எண்கள்

கேள்வி: அப்பா கரைவலைச் சம்மாட்டி ஒருவரிடம் கணக்கெழுதுகிறார். ஒவ்வொரு நாளும் பட்ட மீனின் நிறையைக் கிலோவில், வரிக்கு ஒன்றாக, ஒரு கோப்பில் பதிந்து, சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தப் பைதனில் ஒரு செய்நிரல் எழுதினேன். 45, 9, 120, 8, 100 என்று கொடுத்தால் 100, 120, 45, 8, 9 என்று வருகிறது. ‘இன்ட்’ சேர்த்ததும் இந்த ஐந்தும் சரிவந்தன. முழுக் கோப்பையும் கொடுத்தால் ‘வேல்யூ எரர்’ என்று நின்றுவிடுகிறது. என் பிழை எங்கே?

— உயர்தர மாணவி, சல்லி, திருகோணமலை

பதில்: முதலில் வந்த விடையைப் பிழையென்று தள்ளிவிடாமல், அது எந்தக் கிரமத்தில் அமைந்திருக்கிறதென்று நிதானமாக நோக்குவீராயின், காரணம் தானே புலப்படும். ‘கடற்கரை’ நீண்ட சொல், ‘மீன்’ குறுகிய சொல். ஆயினும், முதலெழுத்தை முதலெழுத்தோடு ஒப்பிட்டு, அவை ஒன்றாயிருந்தால் மட்டுமே அடுத்த எழுத்துக்குச் செல்வது அகராதியின் முறையாதலால், அங்கே ‘கடற்கரை’யே முன்னே நிற்கிறது. வீரமாமுனிவர் 1732இல் தொகுத்த சதுரகராதி முதலாக நமக்குப் பரிச்சயமான அந்த அகராதி முறையையே கணினி உம்முடைய நிறைகளுக்கும் பிரயோகித்திருக்கிறது.

ஏனெனில், கோப்பிலிருந்து வாசிக்கும் ஒவ்வொரு வரியையும் பைதன் எண்ணாகக் கொள்வதில்லை. எழுத்துச் சரமாகவே கொள்கிறது. கணினியின் குறியீட்டு அட்டவணையில் ‘1’ என்னும் எழுத்துக்கு 49, ‘4’க்கு 52, ‘8’க்கு 56, ‘9’க்கு 57. ஆகவே ஒன்றில் தொடங்கும் 100, 120 ஆகிய இரண்டும் முன்னே வந்தன. அவற்றுள்ளும், இரண்டாம் இடத்திலுள்ள பூச்சியம் இரண்டினும் முந்தியதாகையால், 100 முதலிடம் பெற்றது. ‘இன்ட்’ சேர்த்தபோது அந்தச் சரங்கள் எண்களாக மாறின. முதற்பிழை அத்துடன் தீர்ந்தது.

இரண்டாவது சங்கடம் செய்நிரலில் அன்று, கோப்பில் இருக்கிறது. பிழைச்செய்தியின் கடைசிப் பகுதியைப் பாரும்: மேற்கோட் குறிகளுக்குள் காட்டப்படுவதுதான் கணினியால் எண்ணாக மாற்ற இயலாமற்போன சரம். அங்கே வரிமுடிவுக் குறி மாத்திரம் இருந்தால், கோப்பில் எங்கோ, பெரும்பாலும் கடைசியில், ஒரு வெற்று வரி கிடக்கிறது. 37.5 போன்றதொன்று இருந்தால், முழு எண்ணை மட்டுமே ஏற்கும் ‘இன்ட்’டுக்குப் பதிலாகத் தசமத்தையும் ஏற்கும் ‘ஃப்ளோட்’டை வைக்க வேண்டும். ஒவ்வொரு வரியையும் ‘ஸ்ட்ரிப்’ கொண்டு இருபுறமும் துப்புரவாக்கி, எஞ்சியது வெறுமையாயின் அதைக் கடந்து, அல்லாதவற்றை ‘ஃப்ளோட்’டால் மாற்றிப் பட்டியலிற் சேர்த்து, அதன் பின்னரே வரிசைப்படுத்தும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். பிழை தருகிற வரிகளையெல்லாம் சத்தமின்றி விட்டுவிடும்படி செய்நிரலை எழுதுவது சுலபமான உபாயமாகத் தோன்றும், அதைச் செய்யாதீர். வெற்று வரியில் இழப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால், பூச்சியத்துக்குப் பதிலாக ஆங்கில ‘ஓ’ விழுந்துவிட்ட ஒரு வரியை விட்டுவிட்டால், ஒரு நாளின் மீன் முழுவதும், வலையிழுத்த அத்தனை பேரின் உழைப்போடு, கணக்கிலிருந்து மறைந்துபோகும். அத்தகைய வரியின் இலக்கத்தைச் செய்நிரல் அறிவிக்கட்டும். அப்பாவின் கொப்பியோடு ஒப்பிட்டுத் திருத்தும்.

இதனால் மனந்தளர வேண்டியதில்லை. கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினியை உருவாக்கிய மொரிஸ் வில்க்ஸ், தம் வாழ்நாளின் எஞ்சிய காலத்தில் கணிசமான பகுதி தம்முடைய செய்நிரல்களிலுள்ள பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறதென்பதை 1949ஆம் ஆண்டிலேயே உணர்ந்ததாகப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். திருத்தியபின், ஒன்பதும் நூறும், ஒரு தசமமும், ஒரு வெற்று வரியும் அடங்கிய சிறு கோப்பொன்றைச் செய்து, விடையை முன்கூட்டியே கையால் எழுதிவைத்து ஒப்பிட்டுப் பாரும். இரண்டும் ஒத்த பின்னரே அப்பாவின் கணக்கை அந்தச் செய்நிரலிடம் ஒப்படையும்.