படலைத் திறக்கும் முன்

காங்கேயத்திலிருந்து எந்தப் பக்கம் சைக்கிளைத் திருப்பினாலும் சீக்கிரமே கொரங்காடு வந்துவிடும். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஊடே வெள்வேல மரங்கள், நிழலில் அசைபோடும் மாடுகள். உழவு இல்லை, அறுவடை இல்லை. அதனால் வெளியூர்க்காரர் கண்ணுக்கு அது யாருக்கும் சொந்தமில்லாத பொட்டலாகப் படுகிறது. உண்மையில் அது மேய்ச்சலுக்கென்றே தலைமுறைகளாகக் காத்து வந்த பட்டா நிலம். கூட்டமாக சைக்கிளில் வருகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதி இந்தத் தப்பெண்ணத்தில்தான் தொடங்குகிறது. திருப்பூரிலிருந்து பதினைந்து இருபது பேராகக் கிளம்பி இந்தப் பக்கம் பல முறை போயிருக்கிறோம். அதில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதல் வேலை, தடம் யாருடையது என்று தெரிந்துகொள்வது. செயற்கைக்கோள் படத்தில் வெள்ளைக் கோடாகத் தெரிவதெல்லாம் பாதை அல்ல. தினமும் மாடு நடந்து தேய்ந்த தடமும் அப்படித்தான் தெரியும். இரு பக்கமும் வேலி ஓடும் இட்டேரி பெரும்பாலும் ஊருக்குப் பொது. வேலியைத் தாண்டி உள்ளே போகிற தடம் காட்டுக்காரருடையது. சந்தேகம் வந்தால் தமிழக அரசின் இணையச் சேவைத் தளத்தில் கிராமத்தையும் புல எண்ணையும் கொடுத்து அ-பதிவேட்டைப் பாருங்கள். அரசு நிலமா, தனியார் நிலமா என்பது தெரிந்துவிடும். புல எண் தெரியாதென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் நேரில் கேட்பது நல்லது. கீழ்பவானி வாய்க்கால் கரையையும் வழியில் சேர்ப்பதாக இருந்தால் நீர்வளத் துறையிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

அடுத்தது அனுமதி. இதைப் போனில் முடிக்கப் பார்க்காதீர்கள். பத்து நாளைக்கு முன்னால் இரண்டு பேர் மட்டும், சைக்கிளிலேயே, வீட்டுக்குப் போங்கள். காட்டில் வேலையாக இருப்பவரை வேலிக்கு வெளியே நின்று கூவி அழைக்க வேண்டாம். பால் கறக்கும் நேரத்தில் போய் நிற்கவும் வேண்டாம். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எத்தனை சைக்கிள், எந்தப் படலில் நுழைந்து எதில் வெளியேறுவோம் என்பதைச் சொல்லி, பொறுப்பாளர் ஒருவரின் போன் நம்பரைக் கொடுங்கள். பிறகு, "எந்தப் பக்கம் நாங்க போகக் கூடாதுங்க?" என்று கேளுங்கள். 'போகலாமா' என்று கேட்டால் சம்மதம் மட்டும்தான் வரும். இப்படிக் கேட்டால்தான் கன்றுக்குட்டி கட்டியிருக்கும் இடம், கட்டுச்சுவர் இல்லாத கிணறு, அயலாரைக் கண்டால் விடாத நாய் எல்லாம் பேச்சில் வரும்.

பதிலை நிதானமாகக் கேட்க வேண்டும். "பாக்கலாங்க" என்று சொன்னால் அது சம்மதம் இல்லை. முகத்துக்கு நேராக மறுக்கத் தயங்குகிறார் என்று அர்த்தம். நன்றி சொல்லிவிட்டு வேறு வழி பாருங்கள். இன்னொன்று, நிலம் ஒருவருக்கும் மாடு இன்னொருவருக்கும் இருக்கலாம். காட்டை மேய்ச்சலுக்குக் குத்தகை விட்டுவிட்டு டவுனில் இருப்பவர்கள் உண்டு. நிலத்துக்காரர் சரி என்று சொன்னாலும், குத்தகைக்காரரையும் பார்த்துக் கேட்காமல் கால் வைக்கக் கூடாது. கூட்டுப்பட்டாவானால் காட்டை யார் பார்த்துக்கொள்கிறாரோ அவரைத் தேடுங்கள்.

பலர் தயங்குவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. "இன்னைக்கு உட்டா நாளைக்குப் பொதுத்தடம்னு வந்து நிப்பீங்க" என்று ஒரு பெரியவர் எங்களிடம் நேராகவே சொன்னார். அவர் பயம் நியாயமானது. வழித்தடத் தகராறு அண்ணன் தம்பிகளையே கோர்ட்டுக்கு இழுத்திருக்கிறது. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி, ஒரு வழியை உரிமையாகவே கருதி 20 ஆண்டுகள் தடையில்லாமல் புழங்கினால்தான் அதன்மேல் உரிமை கோர முடியும். அனுமதி கேட்டுப் போய் வருவது அந்தக் கணக்கில் சேராது. இதை வாயால் விளக்குவதோடு விடாமல், 'உங்கள் அனுமதியின் பேரில், இந்த ஒரு நாள் மட்டும்' என்று தேதி போட்டு எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தோம். பெரியவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் படித்தார். அப்புறம்தான் மோர் வந்தது. இப்போதெல்லாம் அந்தக் கடிதம் இல்லாமல் நாங்கள் யார் வீட்டுக்கும் போவதில்லை.

காலமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் புல் தழைக்கும்போது போனால் ஈர மண்ணில் டயர் தடம் பதிந்து குருத்து நசுங்கும். தை பிறந்து தரை இறுகிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முந்தின வாரம் காட்டுக்காரரோடு தடத்தை ஒரு முறை நடந்து பார்த்துவிடுவது அவசியம். பக்கத்துத் தென்னந்தோப்பில் சொட்டுநீர்க் குழாய் தடத்துக்குக் குறுக்கே கிடக்கும். விரல் தடிமன் கருப்பு ஹோஸ், மேலே மட்டை விழுந்து மூடியிருந்தால் கண்ணுக்கே தெரியாது. இருபது சைக்கிள் ஏறி இறங்கினால் இணைப்பு கழன்று, அந்த வரிசை மரங்களுக்குத் தண்ணீர் போகாமல் நின்றுவிடும். அங்கே இறங்கி, சைக்கிளைத் தூக்கித்தான் கடக்க வேண்டும்.

இனி படல். முள்ளும் குச்சியும் வைத்துக் கட்டிய கதவு அது. இழுத்தால் அடிக்கட்டை தரையில் உரசிக் கழன்றுவிடும். தூக்கித்தான் நகர்த்த வேண்டும். முதலில் போகிறவர் திறக்க, கடைசியில் வருகிறவர் பழையபடி வைப்பது எங்கள் ஏற்பாடு. 'சாத்துவது' என்று சொல்லாமல் 'பழையபடி' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு முறை திறந்து கிடந்த படலை, நல்லது செய்வதாக நினைத்து எங்களில் ஒருவர் சாத்திக் கட்டிவிட்டார். தண்ணீர்த் தொட்டி அடுத்த காட்டில் இருந்தது. ஏழு மாடுகள் மத்தியான வெயிலில் படலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தன. சாயங்காலம் போனில் காட்டுக்காரர் கோபப்படவில்லை. "அதுக வாயில்லாச் சீவனுங்க" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து முன்னால் போகிறவர் படலைத் தொடுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்து, கடைசி ஆளுக்கு அனுப்பிவிடுகிறார்.

ஆறு ஆறு பேராக, ஐந்து நிமிட இடைவெளி விட்டுப் போங்கள். மாடு கண்ணில் பட்டதும் இறங்கித் தள்ளிக்கொண்டு நடங்கள். மாட்டுக்கும் கன்றுக்கும் நடுவில் மட்டும் புகவே கூடாது. பாட்டுப் பெட்டி வேண்டாம். மிட்டாய்க் காகிதம்கூட விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் தின்றால் மாட்டின் உயிருக்கே ஆபத்து. கழிப்பறை, டீ எல்லாம் ஊருக்குள் முடித்துவிட்டே காட்டுக்குள் நுழைய வேண்டும். வேலமுள்ளுக்கு ஆளுக்கு இரண்டு டியூப்.

சவாரி முடித்த கையோடு தடத்தை ஸ்ட்ராவா செயலியில் ஏற்றுகிறவர்கள் கவனியுங்கள். பொதுவில் போட்ட தடத்தைப் பார்த்து அடுத்த வாரமே முகம் தெரியாத கூட்டம் அந்தப் படலில் வந்து நிற்கும். நமக்கு ஒரு நாளைக்குக் கிடைத்த அனுமதியை ஊருக்கெல்லாம் வாரி வழங்க நமக்கு உரிமை இல்லை. ஆகவே ஒவ்வொருவரும் அன்றைய பதிவை 'நான் மட்டும்' பார்க்கும்படி மாற்ற வேண்டும். ஒருவர் மறந்தாலும் போதும், தடம் வெளியே தெரிந்துவிடும். எல்லோரும் மாற்றியதை உறுதி செய்யாமல் நான் யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை.

அன்று மாலையே போன் செய்து எல்லோரும் வெளியேறியதைச் சொல்லுங்கள். வாரத்துக்குள் நேரிலும் ஒரு நடை போய் வாருங்கள். பணத்தை நீட்டினால் யாரும் வாங்குவதில்லை, வருத்தம்தான் மிஞ்சும். போன தை மாதம் அந்தப் பெரியவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, படல் கயிறு நைந்துவிட்டது என்றார். புதுத் தேங்காய்நார்க் கயிறு வாங்கிக்கொண்டு போனோம். அவரே படலில் கட்டி, ஒரு கையால் இழுத்தால் அவிழும்படியும் மாடு முட்டினால் இறுகும்படியும் முடிச்சுப் போட்டுக் காட்டினார். எங்கள் குழுவில் இப்போது ஆறு பேருக்கு அந்த முடிச்சுப் போடத் தெரியும்.