கணினித் திரையில் கணிதமொழி

நுழையும்முன்

கணிதத்திற்கென ஒரு மொழி உண்டு. குறியீடுகள் அதன் எழுத்துகள். சமன்பாடுகள் அதன் தொடர்கள். ஏட்டிலும் கரும்பலகையிலும் தடையின்றி எழுதப்பட்ட அம்மொழி, கணினிக்குள் நுழைந்தபோது தன் பொருளையே இழக்கும் நிலைக்கு ஆளானது. அந்நிலை மாறிய வரலாற்றையும், அதில் தமிழ்ப் பின்னங்கள் பெற்ற இடத்தையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பொருள் மாறும் எண்

வேதியியலில் பயிலும் அவகாட்ரோ எண்ணின் மதிப்பு 6.022 × 10²³ ஆகும். ஓர் ஆவணத்திலிருந்து இதனை நகலெடுத்து வேறோர் இடத்தில் ஒட்டும்போது, மேலே நிற்கும் அடுக்கு கீழே இறங்கிவிடுவது உண்டு. அப்போது அது 6.022 × 1023 என மாறிவிடும். முன்னது எண்ணிப்பார்க்கவும் அரிய பேரெண். பின்னதோ ஏறத்தாழ 6,160 மட்டுமே. எழுத்துப்பிழை ஏதுமில்லை, ஆயினும் பொருள் முற்றிலும் மாறிவிட்டது. கணிதத்தில் குறியின் வடிவும் அது நிற்கும் இடமும் பொருள் தருவன என்பதை இஃது உணர்த்துகிறது.

எண்களாகும் எழுத்துகள்

கணினி எழுத்தை எழுத்தாக அறிவதில்லை, எண்ணாகவே சேமிக்கிறது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதை வரையறுக்கும் பொது உடன்பாடே குறியேற்றத் தரப்பாடு எனப்படும். 1963ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியிடப்பட்ட ‘ஆஸ்கி’ என்னும் தரப்பாட்டில் இருந்தவை 128 இடங்களே. ஆங்கில எழுத்துகளும் எண்களும் சில நிறுத்தக்குறிகளும் அவற்றை நிரப்பின. கூட்டல் குறிக்கும் சமக் குறிக்கும் இடம் கிடைத்தது. பெருக்கல் குறிக்கும் வர்க்கமூலக் குறிக்கும் இடமில்லை. கழித்தல் குறி, சொற்களை இணைக்கும் சிறுகோட்டுடன் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொண்டது.

அச்சுத்துறையில் இக்குறையைப் போக்க முயன்றோருள் டொனால்டு குனூத் குறிப்பிடத்தக்கவர். கணினி அறிவியலாளரான இவர், தம் நூலின் அச்சுப்படி மனநிறைவு அளிக்காமையால், 1970களின் இறுதியில் ‘டெக்’ என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளை உருவாக்கினார். தாளில் கணிதம் அழகுற அமைந்தது. எனினும் திரையில் ஒருவர் எழுதியதை மற்றொருவரின் கணினி அவ்வாறே அறிந்துகொள்வதற்கு, உலகம் முழுமைக்கும் பொதுவான எண் வரிசை தேவைப்பட்டது.

ஒருங்குறியின் வருகை

அத்தேவையை நிறைவு செய்ய 1991ஆம் ஆண்டு ஒருங்குறியின் முதல் பதிப்பு வெளிவந்தது. உலகின் ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்த எண் ஒன்றை வழங்குவதே அதன் நோக்கம். தமிழின் ‘அ’ என்னும் எழுத்துக்குரிய எண் 2949 ஆகும். கணிதக் குறிகளும் இவ்வரிசையில் இடம்பெற்றன. சிறுகோட்டின் எண் 45. கழித்தல் குறியின் எண் 8722. கிரேக்க எழுத்தாகிய ‘சிக்மா’வின் எண் 931, அதனை ஒத்த தோற்றமுடைய கூட்டுத்தொகைக் குறியின் எண் 8721. பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினும் பொருளால் வேறுபடுவனவற்றுக்கு வேறு வேறு எண்கள் தரப்பட்டன.

ஒரு விதியும் ஒரு விலக்கும்

எழுத்தைக் குறியேற்றலாம், அதன் அழகு வேறுபாடுகளைக் குறியேற்றலாகாது என்பது ஒருங்குறியின் அடிப்படை விதி. ‘அ’வைத் தடித்து எழுதினாலும் சாய்த்து எழுதினாலும் அது ‘அ’வே. ஆனால், கணிதத்தில் இவ்விதி பொருந்தவில்லை. இயற்பியலில் ‘எச்’ என்னும் ஆங்கில எழுத்து காந்தப்புலச் செறிவைக் குறிக்கும். அதே எழுத்தை வளைந்த கைவரி வடிவில் எழுதினால், ஓர் அமைப்பின் மொத்த ஆற்றலோடு தொடர்புடைய ‘ஹாமில்டோனியன்’ என்பதைக் குறிக்கும். இரண்டும் ஒரே சமன்பாட்டில் வரும்போது வடிவ வேறுபாடு நீங்குமாயின், சமன்பாடே பிறிதொன்றாகிவிடும். வெக்டர் அளவுகளைத் தடித்த எழுத்தால் குறிக்கும் மரபும் இத்தகையதே.

அமெரிக்கக் கணிதக் கழகம் உள்ளிட்ட அறிவியல் அமைப்புகளும் பதிப்பாளர்களும் ‘ஸ்டிக்ஸ்’ என்னும் திட்டத்தின்வழி ஒன்றுகூடினர். அறிவியல் நூல்களில் வழங்கும் குறியீடுகளைத் திரட்டினர். கணிதத்தில் வடிவமும் பொருளே என்பதை எடுத்துக்காட்டுகளுடன் முன்வைத்தனர். அதன் பயனாக, 2001ஆம் ஆண்டு வெளிவந்த பதிப்பில் கணித எழுத்துகளுக்கெனத் தனித்தொகுதி உருவானது. இன்று அத்தொகுதியில் 996 எழுத்துகள் உள்ளன. மறு ஆண்டே மேலும் பல செயற்குறிகளும் அம்புக்குறிகளும் அடைப்புக்குறிகளும் சேர்க்கப்பட்டன.

எழுத்து மட்டும் போதுமா?

உரைநடை இடமிருந்து வலமாக ஒரே வரிசையில் செல்வது. கணிதமோ மேலும் கீழும் விரிவது. பின்னத்தில் தொகுதி மேலேயும் பகுதி கீழேயும் நிற்கும். வர்க்கமூலக் குறி தனக்குள் ஒரு கோவையையே அடக்கும். இவ்வமைப்பை உணர்த்த, 1998ஆம் ஆண்டு வைய விரிவலைக் கூட்டமைப்பு ‘மேத்எம்எல்’ என்னும் கணிதக் குறிமொழியைப் பரிந்துரைத்தது. எழுத்து எது என்பதை ஒருங்குறி கூறும்; அது எவ்விடத்தில் நிற்கிறது என்பதைக் குறிமொழி கூறும்.

இவ்விரண்டின் பயனையும் பார்வையற்ற மாணவரே நன்கு உணர்வர். சமன்பாடு படமாக மட்டும் இடப்பட்டிருந்தால், திரைவாசிப்பான் அதனைப் படிக்க இயலாமல் கடந்துவிடும். முறையாகக் குறியேற்றப்பட்டிருந்தால், பின்னத்தின் தொடக்கம், தொகுதி, பகுதி என ஒவ்வொன்றையும் அது ஒலித்துக் காட்டும். தரப்பாடு என்பது பொறியாளரின் வசதிக்காக மட்டும் அமைந்ததன்று. கல்வி பெறும் உரிமையோடும் தொடர்புடையது.

தெரியுமா?

சமூக ஊடகங்களில் சிலர் தம் பெயரை அழகுபடுத்தக் கணித எழுத்துகளைப் பயன்படுத்துகின்றனர். திரைவாசிப்பான் அப்பெயரைச் சொல்லாகப் படிக்காமல், ஒவ்வொரு எழுத்தையும் கணித எழுத்தாகவே தனித்தனியே கூறுவதுண்டு. சில வேளைகளில் கூறாமலே விட்டுவிடுவதும் உண்டு.

தமிழ்ப் பின்னங்களின் இடம்

கணிதமொழி எல்லா நாட்டிலும் ஒரே வடிவில் வழங்கியதன்று. வலமிருந்து இடமாக எழுதப்படும் அரபுக் கணித எழுத்துகள் 2012ஆம் ஆண்டு ஒருங்குறியில் இணைந்தன. தமிழர் வளர்த்த பின்னக் கணக்கும் தனித்தன்மை வாய்ந்தது. முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. இரண்டு முந்திரி சேர்ந்தால் அரைக்காணி. இரண்டு அரைக்காணி சேர்ந்தால் காணி. நான்கு காணி ஒரு மா. ஐந்து மா ஒரு கால். முந்திரியை மேலும் 320ஆகப் பகுத்தால் கிடைப்பது கீழ்முந்திரி. அதன் மதிப்பு 1,02,400இல் ஒரு பங்காகும். காரிநாயனாரின் கணக்கதிகாரம் இத்தகைய கணக்குகளைக் கற்பிக்கும் நூலாகும்.

நிலஅளவு ஆவணங்களிலும் ஓலைச்சுவடிகளிலும் இப்பின்னங்கள் தனிக்குறியீடுகளால் எழுதப்பட்டன. அவற்றுக்கு எண் இல்லாதவரை, அவ்வாவணங்களைப் படமாகச் சேமிக்கலாமேயன்றி எழுத்தாகச் சேமிக்க இயலாது. தேடவும் ஒப்பிடவும் இயலாது. தமிழ்ச் சுழியத்திற்கு 2005ஆம் ஆண்டிலும், பின்னங்கள், முகத்தலளவைகள், நாணயங்கள் முதலியவற்றைக் குறிக்கும் 51 குறியீடுகளுக்கு 2019ஆம் ஆண்டிலும் ஒருங்குறியில் இடம் கிடைத்தது.

எண் கிடைத்தமையால் மட்டும் பணி நிறைவடைந்துவிடாது. அக்குறியீடுகளைக் காட்டும் எழுத்துருக்களும் உள்ளிடும் விசைப்பலகைகளும் பரவலாக வேண்டும். சுவடிகள் அவற்றைக்கொண்டு பதிப்பிக்கப்பட வேண்டும். கணினியறிவும் மொழியறிவும் கணித அறிவும் ஒருங்கே பெற்ற இளையோர்க்கு இத்துறையில் செய்ய வேண்டிய பணிகள் பல காத்திருக்கின்றன.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் இயற்பியல், கணிதப் பாடநூல்களில் ஒரே எழுத்து வெவ்வேறு வடிவில் வெவ்வேறு பொருள் தரும் இடங்களைத் தொகுக்க.
2. முந்திரி முதல் முக்கால் வரையிலான தமிழ்ப் பின்னங்களையும் அவற்றின் மதிப்பையும் அட்டவணைப்படுத்துக.
3. ‘தரப்பாடும் கல்வி உரிமையும்’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.