சிரட்டைக் கரியில் மின்னணுக் கருவிகளுக்குக் கவசம்

பம்பு செட் ஸ்டார்ட்டரைப் போடும்போது அருகில் பாடிக்கொண்டிருக்கும் ரேடியோ 'கரகர'வென்று இரைவதை விவசாயிகள் அறிவார்கள். ஸ்டார்ட்டரில் எழும் தீப்பொறி, மின்காந்த அலைகளை நாலாபக்கமும் வீசுவதே காரணம். ரேடியோவில் இது வெறும் இரைச்சல். ஆனால் இன்று கைபேசி மூலம் மோட்டாரை இயக்கும் கருவியும் அதே இடத்தில் பொருத்தப்படுகிறது. அதன் நுண்ணிய மின்சுற்று இந்த அலைகளால் குழம்பி, மோட்டார் நடுவில் நின்றுபோவதும் உண்டு.

அலைகளைத் தடுக்கும் உறைக்கு மின்காந்தக் கவசம் என்று பெயர். மின்சாரம் கடத்தும் பொருளால் மூடப்பட்ட கூட்டுக்குள் வெளி மின்புலம் நுழையாது என்பதை 1836-இல் இங்கிலாந்தில் மைக்கேல் ஃபாரடே செய்து காட்டினார். செம்பு, அலுமினியம், நிக்கல் பூசிய பிளாஸ்டிக் ஆகியவை இன்று இதற்குப் பயன்படுகின்றன. கருவி பழுதான பின் பூச்சையும் பிளாஸ்டிக்கையும் பிரிப்பது கடினம். பெரும்பாலும் குப்பைக்கே போகிறது. மேலும், உலோகம் அலையைத் திருப்பி அடிக்கிறது. கரியோ அதில் ஒரு பகுதியை உள்வாங்கிச் சிறு வெப்பமாக மாற்றிவிடுகிறது. ஆகவேதான் தேங்காய்ச் சிரட்டை, கரும்புச் சக்கை, உமி, மரத்தூள் ஆகியவற்றின் கரியைப் பிளாஸ்டிக்கிலோ ரப்பரிலோ கலந்து கவசம் செய்யும் ஆராய்ச்சி பல நாடுகளில் நடக்கிறது. 20 டெசிபல் கவசம் என்றால், வரும் அலைச் சக்தியில் 100-க்கு 99 பங்கு தடுக்கப்படும் என்று பொருள்.

எல்லாக் கரியும் இதற்கு உதவாது. குழியில் மூட்டம் போட்டுச் சுடும் கரி பொதுவாக 400 முதல் 500 டிகிரி சென்டிகிரேடு வெப்பமே கண்டிருக்கும். அது மின்சாரத்தை அநேகமாகக் கடத்தாது. காற்றுப் புகாத உலையில் 800 டிகிரிக்கு மேல் சுட்டால் அதே சிரட்டை நன்கு கடத்தும். எலக்ட்ரீஷியனின் மல்டிமீட்டரை ஒரு கரித்துண்டில் வைத்துப் பார்த்தாலே வித்தியாசம் புரியும். உமியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அதில் பெரும்பகுதி, மின்சாரம் கடத்தாத சிலிக்கா. இவ்வகையில் சிரட்டையே மேல்.

அவ்வளவு வெப்பத்தில் சுடுவது ஆலையின் வேலை. விவசாயி செய்யக்கூடியது, மண், நார், பருப்பு ஒட்டாத நன்கு காய்ந்த சிரட்டையைத் தனியே சேர்த்து வைப்பதாகும். வடிகட்டும் கரி தயாரிக்கும் ஆலைகளும் இத்தகைய சரக்கையே விரும்புகின்றன. கவசத்துக்கான கரி இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூட அளவிலேயே உள்ளது. இதைச் சொல்லி யாரேனும் உலைக்கு முன்பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். சொந்தமாகக் கரி சுடுவோர் தண்ணீர் ஊற்றி அணைக்காமல், காற்றை அடைத்து அணைப்பது நல்லது. தார் கலந்த கழிவுநீர் கிணற்றைக் கெடுக்கும்.

தோட்டத்துக் கருவிக்கு இப்போதைக்குத் தகரப் பெட்டியே போதும். ஸ்டார்ட்டரை ஒரு பெட்டியிலும் கைபேசிக் கருவியை வேறொரு பெட்டியிலும் வைத்து, இரண்டுக்கும் எர்த் கொடுக்கவேண்டும். கம்பி வழியாகவும் இடையூறு வரும். எனவே மோட்டார் கம்பியும் கருவியின் மெல்லிய கம்பியும் ஒரே குழாயில் போகக்கூடாது. ஆண்டெனாவை மட்டும் பெட்டிக்கு வெளியே பொருத்தவேண்டும். அதையும் உள்ளே வைத்து மூடினால் கைபேசி அழைப்பே கருவிக்கு எட்டாமல் போகலாம். மெயின் சுவிட்சை நிறுத்திய பிறகே, தெரிந்த வயர்மேனைக் கொண்டு இவ்வேலைகளைச் செய்துகொள்ளவும்.