ரூட்டரில் பிட் ஏறவில்லையா? சுத்தியலை எடுக்காதீங்க!

மரவேலை செய்யும் நம் குழுக்களுக்குப் போகும்போது அடிக்கடி காதில் விழுகிற புகார், "ரூட்டர்ல பிட் உள்ளயே போக மாட்டேங்குதுங்க" என்பதுதான். போட்டோ பிரேம் ஆர்டர் கையில் இருக்கும், மெஷின் சும்மா கிடக்கும். கடன் தவணை மட்டும் சும்மா இருக்காது. அந்த அவசரத்தில் சுத்தியலால் தட்டி ஏற்றப் பார்க்கிறோம். அது வேண்டாம். பெரும்பாலும் மெக்கானிக் இல்லாமல் நாமே சரிசெய்யக்கூடிய விஷயம்தான்.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை ஆப் பண்ணினால் மட்டும் போதாது.

பிட்டைப் பிடித்துக்கொள்ளும் பாகத்துக்குக் காலெட் என்று பெயர். கூம்பு வடிவில் சின்ன இரும்புக் குழாய் மாதிரி இருக்கும், பக்கத்தில் வெட்டு விட்டிருப்பார்கள். மேலே இருக்கும் நட்டை முறுக்கினால் அந்த வெட்டுகள் நெருங்கி, பிட்டின் தண்டை இறுக்கிப் பிடிக்கும். நட்டைத் தளர்த்தினால் விரிந்து கொடுக்கும்.

சில மெஷின்களில் நட்டைக் கழற்றும்போது முதலில் லூசாகி, பிறகு மறுபடி இறுகின மாதிரி நிற்கும். "அவ்வளவுதான்" என்று விட்டுவிடாதீர்கள். ஸ்பேனரைப் போட்டு, அதே திசையில் இன்னொரு தரம் திருப்பினால்தான் காலெட் விடுபடும்.

அப்புறம் ஒரு பழக்கம். வேலை முடிந்ததும் பிட்டை எடுத்துவிட்டு, நட்டு தொலைந்துபோகுமே என்று வெறும் காலெட்டை நன்றாக முறுக்கி வைக்கிறோம். உள்ளே தண்டு இல்லாமல் இறுக்கினால் காலெட் சுருங்கி வடிவம் கெட்டுவிடும், மறுநாள் பிட் ஏறாது. கையால் லேசாகத் திருகி வைத்தாலே போதும்.

மரத்தூளும் பிசினும் சூட்டில் உருகி உள்ளே படிந்துபோகும். நட்டையும் காலெட்டையும் முழுசாகக் கழற்றி, பழைய டூத் பிரஷ்ஷில் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து, துணியால் ஈரமில்லாமல் துடையுங்கள். எண்ணெய் போடக் கூடாது, பிட் வழுக்கும். காலெட் உட்காரும் குழியையும் துடைக்க வேண்டும். காலெட்டின் உள்பக்கத்தை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். பிட்டின் தண்டில் துருவோ பிசிறோ இருந்தால் மட்டும் நைஸ் உப்புத்தாளால் லேசாக ஒரு இழுப்பு.

இத்தனைக்கும் ஏறவில்லை என்றால் அளவைப் பாருங்கள். எங்கள் அனுபவத்தில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். சின்ன ரூட்டர்களுக்கு 6 மி.மீ. தண்டு பிட்டும் வருகிறது, கால் இஞ்ச் பிட்டும் வருகிறது. கால் இஞ்ச் என்பது 6.35 மி.மீ. வித்தியாசம் மூன்று நான்கு காகிதத்தின் கனம்தான், கண்ணுக்குத் தெரியாது. 6 மி.மீ. காலெட்டில் கால் இஞ்ச் பிட் ஏறவே ஏறாது. தண்டை அரம் போட்டு ராவி ஏற்றினால் ஆட்டம் கண்டு போகும். பெரிய ரூட்டரில் 12 மி.மீ., அரை இஞ்ச் (12.7 மி.மீ.) இரண்டுக்கும் இதே கதைதான்.

ஏறாத பிட்டால் வேலை மட்டும்தான் நிற்கும். ஆபத்து, லூசாக ஏறுகிற பிட்டில் இருக்கிறது. கால் இஞ்ச் காலெட்டில் 6 மி.மீ. பிட் சுலபமாகப் போய்விடும், முறுக்கினால் பிடித்த மாதிரியும் தெரியும். சின்ன ரூட்டர் நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் ஓடும். அந்த வேகத்தில் பிட் நழுவி வெளியே வந்தால் கையோ கண்ணோ போகும். காகிதம், டேப் சுற்றி இறுக்குவதும் கூடவே கூடாது.

அளவு தண்டிலோ டப்பாவிலோ போட்டிருக்கும். அழிந்திருந்தால் பக்கத்து லேத் பட்டறையில் வெர்னியர் வைத்து அளக்கச் சொல்லுங்கள், ஒரு நிமிட வேலை. பிறகு 6 மி.மீ. பிட்டுக்கெல்லாம் ஒரே நிற நகப்பூச்சில் பொட்டு வைத்துவிட்டால் யார் எடுத்தாலும் குழப்பம் வராது. புது காலெட் வாங்கப் போகும்போது பழையதையும் மெஷின் மாடல் நம்பரையும் கொண்டு போங்கள். காலெட்டில் கீறல் விழுந்திருந்தால் வேறு யோசனையே வேண்டாம், மாற்றத்தான் வேண்டும்.

பிட் ஏறியதும் அடி முட்டும் வரை தள்ளி, 2 அல்லது 3 மி.மீ. மேலே இழுத்துவிட்டு இறுக்குங்கள். தண்டில் முக்கால் பாகமாவது உள்ளே இருக்க வேண்டும். கையால் இழுத்தும் சுற்றியும் பார்த்து, ஸ்பேனரை எடுத்து ஓரமாக வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்ட பிறகு பிளக்கைச் சொருகலாம்.