அத்தானுக்கு சிகரெட் வாங்கப் பிள்ளையை அனுப்பாதீர்கள்

கேள்வி: பாரிஸில் இருக்கும் என் அக்காவும் அத்தானும் ஆடிப்பூரத் தேருக்கு ஊருக்கு வருகிறார்கள். சென்னையில் இறங்கி பொதிகை எக்ஸ்பிரஸில் ராஜபாளையம் வருவதாக ஏற்பாடு. அத்தான் தூள் புகையிலையைத் தாளில் சுருட்டிப் புகைப்பவர். விட்டுவிட வேண்டும் என்று இப்போது பாதி நேரம் வேப் இழுக்கிறார். அவர் எதைக் கொண்டுவரலாம், இங்கே எங்கே வாங்கலாம், எங்கே பிடித்தால் தப்பில்லை? ஸ்ரீவில்லிபுத்தூர், அய்யனார் கோயில் அருவி, சதுரகிரி, சிவகாசி என்று சுற்றத் திட்டம். கடை கண்ணிக்குப் போய்வர என் மகன் (12 வயது) அவருக்கு ஒத்தாசையாக இருப்பான்.
– வாசகி, ராஜபாளையம்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தின் கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றில் பெரும்பாலானது இருநூறு ரூபாய் அபராதத்தோடு முடிகிற விஷயம். இது அப்படியல்ல.

நம் பக்கம் விருந்தாளி வந்தால் வீட்டுப் பையன்தான் கடைக்கு ஓடுவான். நோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, "மாமாவுக்கு ஒரு சிகரெட்" என்பான். கடைக்காரர் ஒன்றை உருவி, மீதிச் சில்லறைக்கு ஒரு மிட்டாயையும் சேர்த்து அந்த உள்ளங்கையில் வைப்பார். ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்குப் போகும் வழியில் இன்றும் இதைப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. 2003-ஆம் ஆண்டு சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டத்தின் 6-வது பிரிவு, 18 வயது நிரம்பாதவருக்கு விற்கவே கூடாது என்கிறது. யாருக்காக வாங்க வந்தான் என்பது பேச்சே இல்லை. 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம் இன்னும் கடுமையானது. அதன் 77-வது பிரிவில், குழந்தையின் கையில் புகையிலைப் பொருளைக் கொடுத்தவருக்கும் கொடுக்க வைத்தவருக்கும் 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கடைக்காரரோடு, காசு கொடுத்து அனுப்பிய பெரியவரும் பதில் சொல்ல வேண்டி வரலாம். சட்டத்தை விடுங்கள். மாமாவுக்கு வாங்கி வாங்கிக் கை பழகிய பையனுக்கு, தனக்கென்று ஒன்று வாங்கும் நாளில் கூச்சம் இருக்காது. அத்தான் தானே நடந்து போய் வாங்கட்டும்.

அடுத்தது வேப். அதைப் பாரிஸிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். அங்கே சட்டப்படி கடையில் வாங்கியதாகவே இருக்கட்டும். இங்கே 2019-இல் வந்த மின் சிகரெட் தடைச் சட்டம் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தையும் தடுக்கிறது. பெட்டியில் ஒன்றே ஒன்றைப் போட்டுக் கொண்டுவருவதும் இறக்குமதிதான். முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரியிடம் "எனக்குத் தெரியாது" என்று சொல்லிப் பயனில்லை.

தூள் புகையிலை கொண்டுவரலாம். வரியில்லாமல் அனுமதி 125 கிராம். சிகரெட்டாக இருந்தால் 100, சுருட்டு என்றால் 25. மூன்றில் ஏதாவது ஒன்றுதான், மூன்றும் சேர்த்தல்ல. சுருட்டுகிற தாளையும் அங்கிருந்தே எடுத்து வரட்டும். நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் சிகரெட்டும் பீடியும்தான் கிடைக்கும். அவர் பிடிக்கிற ரகத்தைத் தேடி அலைய வேண்டாம்.

வாங்கும் முறையும் அவருக்குப் புதிதாக இருக்கும். பிரான்ஸில் உரிமம் பெற்ற கடைகளில்தான் புகையிலை விற்கலாம். வாசலில் தொங்கும் சிவப்பு அடையாளத்தை வைத்தே கடையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இங்கே டீக்கடையை ஒட்டிக்கூட ஒரு பெட்டிக்கடை இருக்கும். ஆனால் பள்ளி, கல்லூரியிலிருந்து நூறு கஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், விற்பது குற்றம். அப்படிப்பட்ட கடையில் அத்தான் வாங்காமல் இருந்தாலே பெரிய உபகாரம். கடைக்காரர் மறைவாக எடுத்து நீட்டும் ஹான்ஸ், கூல் லிப் போன்றவற்றை அவர் தொடவே கூடாது. புகையிலை கலந்த குட்கா, பான் மசாலா வகைகளுக்குத் தமிழக அரசு 2013 முதல் தடை ஆணை போட்டு வருகிறது.

எங்கே பிடிக்கலாம்? உங்கள் வீட்டு மொட்டைமாடி, அதுவும் பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதபோது. லாட்ஜில் தங்கினால், 30 அறைக்குக் குறையாத விடுதிதான் புகைப்பதற்குத் தனி அறை ஒதுக்க முடியும். ஓட்டலுக்கு 30 இருக்கை கணக்கு. பஸ், ரயில், ஆஸ்பத்திரி, தியேட்டர், அலுவலகம் எங்கும் கூடாது. பொதிகையில் கழிவறைக்குள் போய்ப் பற்றவைப்பதும் வேண்டாம். புகை உணரும் கருவி உள்ள ஏசி பெட்டியாக இருந்தால் வண்டியே நின்றுவிடும்.

திறந்தவெளியைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 2003 சட்டம் அதைப் பொது இடத்தில் சேர்க்கவில்லை. ஆனால் 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் ரயில் நிலையம், பஸ் ஸ்டாண்டு, விளையாட்டரங்கம் போன்று மக்கள் வந்துபோகும் இடங்களைத் தடைக்குள் கொண்டுவந்துவிட்டன. பொது இடத்தில் சாம்பல் கிண்ணமோ தீப்பெட்டியோ லைட்டரோ வைத்திருக்கக் கூடாது என்பதும் அதே விதி. பஸ் ஸ்டாண்டுக் கடையில் நுனியில் கங்கோடு ஒரு கயிறு தொங்கிக்கொண்டிருந்தால், அதில் பற்றவைப்பவரோடு அதைத் தொங்கவிட்டவரும் தவறு செய்கிறார்.

தேர் நாளில் ரத வீதியும் அந்த விதிக்குள் வரும் என்பதே என் வாதம். அபராதம் போடுகிறார்களோ இல்லையோ, அன்று அங்கே அவர் பற்றவைக்கவே கூடாது. ஆண்டாள் தேரை வடம் பிடிக்க வருகிறவர்கள் செருப்பில்லாமல் வருகிறார்கள். அணையாத துண்டு ஒன்று கீழே விழுந்தால் அது யாரோ ஒருவருடைய வெறுங்காலில்தான் அணையும். குனிந்து பார்க்கக்கூட அந்த நெரிசலில் இடமிருக்காது.

எனக்கு அதைவிடக் கவலை மலையைப் பற்றித்தான். அய்யனார் கோயில் அருவியும் சதுரகிரியும் நீங்கள் நினைப்பதுபோல வெறும் சுற்றுலா இடங்கள் அல்ல. 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் காடு அது; சாம்பல் நிற அணிலுக்காக அதற்கு முன்பே சரணாலயமாக இருந்த காடு. ஆடி மாதத்தில் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மழை கொட்டும்; நம் சரிவில் காற்று மட்டும் வீசும். அம்மியையே நகர்த்தும் என்று சொல்கிற காற்று, காய்ந்த புல்லில் விழுந்த ஒரு பொறியைச் சும்மா விடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். புல்வெளியில் தீ மேலேறும் வேகத்துக்கு மனிதனால் ஓட முடியாது.

சதுரகிரிக்கு ஏறும் தாணிப்பாறை வாசலில் வனத்துறையினர் பையைத் திறந்து பார்த்து பீடி, சிகரெட், தீப்பெட்டியை எடுத்து வைத்துவிடுவார்கள். அவர்களோடு வாக்குவாதம் வேண்டாம். அவற்றை வீட்டிலேயே வைத்துவிட்டுப் புறப்படச் சொல்லுங்கள். சரணாலயத்துக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவதும், எரியும் நெருப்பை விட்டுவருவதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் 30-வது பிரிவின்படி குற்றம். அது இருநூறு ரூபாயில் முடியாது.

சிவகாசியில் பட்டாசுக் கடைக்குப் போகும்போதும் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறிகளைப் பார்க்கப் போகும்போதும் சட்டைப் பையில் லைட்டர்கூட இருக்கக் கூடாது. ஒன்றில் வெடிமருந்து, இன்னொன்றில் காற்றில் மிதக்கும் பஞ்சு. விளக்கம் தேவையில்லை.

அத்தான் விட்டுவிட நினைக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். வேப் இல்லாமல் எப்படிச் சமாளிப்பது என்று அவர் நிச்சயம் கேட்பார். 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் நம் ஊர் மருந்துக்கடைகளில் சீட்டில்லாமல் வாங்கலாம். இதய நோய் உள்ளவராக இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும். சிகரெட் பெட்டியிலேயே 1800-11-2356 என்ற எண் அச்சிட்டிருக்கும். புகையிலையை விட உதவும் தேசிய இலவச எண் அது. கூப்பிட்டால் ஆலோசகர் பேசுவார், விடும் தேதியைக் குறித்துக்கொண்டு பின்னர் அவரே அழைத்தும் விசாரிப்பார். தேருக்கு முந்தின வாரத்தில் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ள முடியுமா என்று அக்காவை அவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.